கறவை வரிசை

செண்பகனூர்ச் சரிவில் ஜெபதுரையின் கொட்டத்தில் ஒன்பது கறவை மாடுகள் நின்றன. பால் முழுவதும் ஒரு விடுதிச் சமையலறைக்குப் போனது. கறந்தவர் சகாயராணி. கணவர் இறந்த 1951-இல் வேலைக்குச் சேர்ந்தவர். பதினோரு வருடத்தில் ஒரு வேளை தவறியதில்லை. உதைக்கிற மாடும் அவர் கைக்கு அடங்கி நிற்கும் என்பார்கள்.

1962 ஐப்பசி மழையில் இரண்டு மாடுகளுக்கு அடுத்தடுத்து மடிநோய் வந்தது. செவலைக்கு ஒரு காம்பில் பால் திரிதிரியாக இறங்கியது. லில்லியின் மடி கல்லாக வீங்கிச் சுட்டது. அது இரை எடுக்கவில்லை. ஜெபதுரை கால்நடை டாக்டரை வரவழைத்தார். மயில்சாமி என்ற அந்த டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. நோய் கண்ட காம்புகளில் பெனிசிலின் ஏற்றிவிட்டு, ஒன்பது மாட்டின் பாலிலும் தனித்தனியே கொஞ்சம் பிடித்துக்கொண்டார். மறுநாள் மைக்ராஸ்கோப்புடன் வந்து, சகாயராணியைக் குனிந்து பார்க்கச் சொன்னார்.

"நீலப் புள்ளியா எறைஞ்சு கெடக்குங்க சார்."

"அது லில்லியோட ரத்தத்துல உள்ள வெள்ளையணு, அக்கா. பாக்குறதுக்காகச் சாயம் ஏத்தியிருக்கேன். மடிக்குள்ள கிருமி நொழைஞ்சா ரத்தத்துல இருந்து எறங்கி வந்து கிருமியத் தின்னும். தின்னுட்டு அதுவும் செத்துப்போகும். பால்ல வர்ற திரியில அதுதான் கெடக்கு."

"அப்ப வீங்குனது கெடுதியில்லையா?"

"உள்ள எதுத்து நிக்குதுன்னு அர்த்தம். அடிக்கடி ஒட்டக் கறந்து கீழ கொட்டிருங்க."

பிறகு துணி துவைக்கும் பொடியைத் தண்ணீரில் கரைத்து ஒவ்வொரு பாலிலும் கலந்தார். வெள்ளையணு மிகுந்த பால் கூழாகத் திரளும். ரோசியின் பாலும் திரண்டது. ரோசிக்கு வீக்கமில்லை, சூடில்லை. அதிகம் கறப்பதே அதுதான். கிருமியை அணுக்களால் ஒழிக்கவும் முடியாமல், கிருமியால் மடியைக் கெடுக்கவும் முடியாமல் மாதக்கணக்கில் உள்ளேயே இழுபறியாக இருந்திருக்கிறது.

"மொதல்ல எதக் கறப்பீங்க?"

"ரோசியத்தான். அப்புறம் செவலை, லில்லி..." சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. "அப்ப எங் கையிதானா சார்?"

"கை மட்டுமில்லக்கா. மடி தொடைக்கிற துணியும்."

ஜெபதுரையிடம் டாக்டர் இதைச் சொல்லவில்லை. தரை ஈரத்தைக் குறை சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் சகாயராணி வேலைக்கு வரவில்லை. இரண்டு நாள் ஜெபதுரையே கறக்க உட்கார்ந்தார். மாடுகள் பாலை அடக்கிக்கொண்டன. மூன்றாம் நாள் சகாயராணியின் வீட்டுக்கே போனார்.

"சீக்கப் பரப்புனது எங் கையிதாங்க. வேற ஆள் பாத்துக்கங்க" என்றார் சகாயராணி. டாக்டர் கண்டுபிடித்ததையும் சொன்னார்.

ஜெபதுரை விடவில்லை. "ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல? நாளைக்கு வெள்ளனே வந்து சேரு."

வந்தார். பழைய வேட்டியைக் கிழித்து மாட்டுக்கொரு துணி வைத்தார். ஒவ்வொரு மாட்டுக்கும் இடையில் சோப்புப் போட்டுக் கை கழுவினார். நோயில்லாதவை முதலில், ரோசி கடைசியில். சனிக்கிழமைதோறும் சிரட்டையில் பொடிக் கரைசலை ஊற்றி எல்லாப் பாலையும் சோதித்தார். லில்லி பத்து நாளில் தேறியது. செவலைக்கு அந்தக் காம்பு வற்றியே போனது. அதைத் துடைக்கும்போது மட்டும் சகாயராணி வேறு பக்கம் பார்ப்பார். ரோசிக்கு மருந்து இரண்டு முறை கேட்டும் நோய் திரும்பியது. பால் வற்றியபின் வெள்ளைப்பூண்டுத் தோட்டத்துக்கு எரு வேண்டும் என்று பூண்டி ஊர்க்காரர் ஒருவர் அதை ஓட்டிப் போனார்.

முழங்கால் வலியால் 1969-இல் சகாயராணி வேலையை விட்டார். இடைப்பட்ட ஏழு வருடத்தில் மடிநோய் கண்டவை இரண்டே மாடுகள். அதில் ஒன்று, சந்தையிலிருந்து வரும்போதே மடி வீங்கி வந்தது.