நடு ஆற்றில் எந்தக் கோர்ட்?

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் கல்கத்தாவில் அலிப்பூர் கோர்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இடுப்பில் நான்கு வயது நிலா, தோளில் தண்ணீர் பாட்டில், மாற்றுத் துணி, பிஸ்கட். சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

போன் அடித்தது. நான் யாருக்காகச் சாட்சி சொல்ல வந்தேனோ அந்த ஸ்வபன்-தாவின், அதாவது ஸ்வபன் அண்ணனின், வக்கீலிடம் வேலை பார்க்கும் குமாஸ்தா. வங்காளி வழக்கப்படி என்னை 'பௌதி', அண்ணி, என்றுதான் கூப்பிடுவார்.

"பௌதி, எங்க இருக்கீங்க?"

"கோர்ட்லதான். வாசல்லயே நிக்கறேன்."

"நானும் வாசல்லதான் நிக்கறேன்... உங்களைக் காணோமே?"

அவர் நின்றது ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹவுரா கோர்ட் வாசலில்!

என் மேல் தப்பா, சொல்லுங்கள்? "செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்கு வந்துடுங்க" என்றுதான் சொன்னார். எங்கள் வீடு லேக் கார்டன்ஸ். லேக் கார்டன்ஸுக்கு அலிப்பூர் கோர்ட். ரேஷன் கடையும் ஓட்டுச்சாவடியும் வீட்டை வைத்துத்தானே? கோர்ட்டும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

"கோர்ட் உங்க வீட்டைப் பார்க்காது பௌதி, சம்பவம் நடந்த இடத்தைப் பார்க்கும். டாக்ஸி பிடிங்க, சீக்கிரம்!"

சம்பவம் இதுதான். சில மாதங்களுக்கு முன் நானும் நிலாவும் ஹவுராவிலிருந்து, ஆற்றைக் கடக்கும் பயணிகள் படகான லாஞ்சில், கல்கத்தா கரைக்கு வந்துகொண்டிருந்தோம். நல்ல கூட்டம். திடீரென்று ஒருவர், "என் போன்!" என்று கத்தினார். சட்டைப் பையில் யாரோ கை விட்டதை உணர்ந்த அதே நொடியில் கத்திவிட்டார். கூட்டம் அவருக்கு மிக அருகில் நின்றவரைப் பிடித்தது. அவர்தான் ஸ்வபன்-தா. லாஞ்சில் ஜால்முரி, அதாவது காரப்பொரி, விற்பவர்.

போன் அவரிடம் இல்லை. அதனால் என்ன? "கூட்டாளிகிட்ட கொடுத்திருப்பான்" என்றது கூட்டம். லாஞ்சைத் திருப்பி, அவரை ஹவுரா கரையிலேயே போலீஸிடம் ஒப்படைத்தார்கள். "அவர் எடுக்கலைங்க" என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அங்கே அழுதுகொண்டு ஓடி வந்த அவர் மனைவியிடம் என் நம்பரைக் கொடுத்தேன்.

கொடுத்ததிலிருந்து கவலை. "அவருக்கு ஜாமீன் கிடைச்சிடுச்சு இல்ல? நீ எதுக்குப் போகணும்?" என்றார் கணவர்.

"ஜாமீன் கிடைச்சா போதுமா? வழக்கு முடியற வரைக்கும் அவரை லாஞ்சுல ஏத்த மாட்டாங்களாம். தண்டனை ஆயிட்டா ஜெயில்."

"சரி, கூண்டுல நின்னு 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்'னு சொல்லாம இருந்தா சரி."

நியாயமான பயம்தான். நான் சாம்பாரில் உப்பு போட்டேனா என்பதையே இரண்டு தடவை ருசி பார்த்து முடிவு செய்கிறவள்.

டாக்ஸியில் பாலம் தாண்டும்போது, பயத்தை மறக்க, நான் படித்து வைத்ததை எல்லாம் நிலாவுக்குச் சொன்னேன். நாங்கள் இருப்பது கல்கத்தா கார்ப்பரேஷனில். ஆனால் கோர்ட் கணக்கில் தெற்கு இருபத்து நான்கு பர்கானா மாவட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட பழைய நகர எல்லைக்கு உள்ளே, பெரிய சிவில் வழக்குகள் நேராக ஹைகோர்ட்டிலேயே தொடங்குகின்றன. அதே ஹைகோர்ட்டின் அதிகாரம் கடலைத் தாண்டி அந்தமான் வரை போகிறது. எங்கள் வீடு வரைக்கும்கூட வராத எல்லை ஒன்று, சமுத்திரம் தாண்டுகிற எல்லை ஒன்று... விசித்திரமாக இல்லை?

"மா, கிதே பேயேச்சே" என்றாள் நிலா. பசிக்கிறதாம். பிஸ்கட்டைக் கொடுத்தேன்.

நல்லவேளை, ஹவுராவில் எங்கள் வழக்கை இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட்டதும் நிலாவைக் குமாஸ்தாவிடம் விட்டுவிட்டுக் கூண்டில் ஏறினேன். எதிரே ஸ்வபன்-தா கைகட்டி நின்றார். என்னைப் பார்க்கவே இல்லை.

முதலில் அவருடைய வக்கீல்தான் கேட்டார். "சம்பவம் நடந்தப்போ லாஞ்ச் நடு ஆத்தைத் தாண்டிடுச்சு இல்லையா மேடம்?"

தாண்டியிருந்தால் அது கல்கத்தா பக்கம், ஹவுரா கோர்ட் விசாரிக்கவே கூடாது என்பது அவர் வாதம். "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் போலிருந்தது. ஆனால் சத்தியம் செய்துவிட்டேனே!

"தெரியாது சார்."

வக்கீல் முகம் வாடிவிட்டது. மாஜிஸ்திரேட் அம்மாள் சிரித்தார். "விடுங்க வக்கீல் சார். எந்த எல்லைன்னு நிச்சயமா தெரியாட்டி ரெண்டு பக்கத்துக் கோர்ட்டும் விசாரிக்கலாம். பயணத்துல நடந்ததுன்னாலும் அப்படித்தான். மேல கேளுங்க."

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நிச்சயமாகத் தெரியாதவர்களுக்குச் சட்டத்திலேயே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்! இத்தனை நாள் இது எனக்குத் தெரியாமல் போயிற்றே?

போனை ஸ்வபன்-தா எடுக்கவில்லை என்று என்னைச் சொல்லவைத்துவிட்டு வக்கீல் உட்கார்ந்தார். அடுத்து அரசு வக்கீல் எழுந்தார். "லாஞ்ச் எங்க இருந்துச்சுன்னு தெரியாது. மணி?"

"சரியா தெரியாது."

"பக்கத்துல யார் யார் நின்னாங்க?"

"கவனிக்கல சார்."

"அப்புறம் எதை வெச்சு இவர் எடுக்கலைன்னு சொல்றீங்க?"

"அவர் கையை வெச்சு சார். என் பொண்ணுக்கு முரி கலந்துட்டிருந்தார். பச்சை மிளகாய் போட்டுடுவாரோன்னு எனக்கு பயம். கை சுத்தமா இருக்கான்னும் பயம். ஒரு கையில டப்பா, இன்னொரு கையில கரண்டி. டப்பாவைத் திறந்ததுலேர்ந்து நான் கண்ணை எடுக்கவே இல்ல. அந்த ஆள் கத்தினப்போ இவர் எலுமிச்சம்பழம் பிழிஞ்சிட்டிருந்தார். ரெண்டு கையாலயும்."

"நிச்சயமா?"

"நாலு வயசுக் குழந்தை சாப்பிடறது சார்... நிச்சயமா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். இறங்கும்போது ஸ்வபன்-தா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

நேற்று குமாஸ்தா போன் செய்தார். "பௌதி, விடுதலை!"

"நிஜமாவா?"

"நிஜமா."

"முழுசா விடுதலைதானே? மறுபடி கூப்பிட மாட்டாங்களே? நீங்க சரியாத்தானே கேட்டீங்க?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"பௌதி... தீர்ப்பை மாஜிஸ்திரேட்டே ஒரு தடவைதான் படிச்சாங்க!"