ஸ்ட்ராஸ்பூர்க்கில் மூன்று நாள், ஒரே நண்டுக்கறி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பயணம் பொறாமையில் தொடங்கியது. என் கணவரின் தங்கை வாசுகி பிரான்சில், ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இருக்கிறாள். போன வருடம் தன் நாற்பதாவது பிறந்தநாளை ஆற்றங்கரை உணவகம் ஒன்றில் கொண்டாடினாள். எங்களைக் கூப்பிடவில்லை. கொண்டாடிய கதையை மட்டும் தொலைபேசியில் அரை மணித்தியாலம் சொன்னாள். பாலாடையும் வெங்காயமும் பரப்பி விறகடுப்பில் சுட்ட மெல்லிய ரொட்டியாம், ஃபிளாம்குஹன் என்று பெயராம், பக்கத்தில் அன்னங்கள் நீந்துமாம். நான் இருப்பது ஜெர்மனியில், பீலெஃபெல்டில். அப்படி ஓர் ஊரே இல்லை என்று ஜெர்மன்காரர்கள் பகிடி விடுவார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதே உணவகத்தில், அதே ரொட்டியைச் சாப்பிட்டே தீருவது என்று முடிவெடுத்து, ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை கணவரைக் கிளப்பினேன்.

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீற்றர். இடையில் இரண்டு முறை நின்று, பன்னிரண்டரைக்கு எல்லையில் உள்ள கேல் நகரைச் சேர்ந்தோம். ஸ்ட்ராஸ்பூர்க்குக்குள் காரைக் கொண்டுபோகக் கண்ணாடியில் மாசுக்கட்டுப்பாட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். நாங்கள் எடுக்கவில்லை. ஆகவே காரைக் கேலில் விட்டுவிட்டு டிராமில் ஏறினோம். ஆளுக்கு இரண்டு யூரோ சொச்சம்தான். றைன் நதியைத் தாண்டி இருபது நிமிடத்தில் நகர மையம்.

வாசுகியின் வீட்டுக் கதவு திறந்ததுமே நண்டுக்கறி வாசம். "அண்ணி, கை கழுவிப்போட்டு வாங்கோ, எல்லாம் சூடாக் கிடக்கு" என்றாள். சோறு, நண்டு, கத்தரிக்காய்ப் பால்கறி. இரவு புட்டு, மிச்ச நண்டு. சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு வெளியில் சாப்பிடப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? சாப்பிட்டேன். கறி நன்றாக வேறு இருந்தது, அதுவும் எரிச்சல்தான்.

சனிக்கிழமை ஊர் பார்த்தோம். பேராலயம் இளஞ்சிவப்புக் கல்லால் ஆனது, அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. பன்னிரண்டரைக்குப் பெரிய மணிக்கூட்டில் பொம்மைகள் ஊர்வலம் போகும், அதற்கு மட்டும் சில யூரோ. அங்கிருந்து பதினைந்து நிமிடம் நடந்தால் பெத்தீத் பிரான்ஸ் என்ற பழைய பகுதி. மரச்சட்டம் வைத்த வீடுகள், ஜன்னல் எல்லாம் பூ, கீழே ஆறு. அந்த உணவகமும் அங்கேதான். மேசைகளில் சனம் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டது. அதற்கு எதிரே ஒரு வாங்கில் எங்களை இருத்தி, வாசுகி பையைத் திறந்தாள். கட்லட், பிளாஸ்கில் தேநீர். என் கணவர் நாலு கட்லட் சாப்பிட்டார். எனக்கு அழுகை வந்தது.

ஞாயிறு காலை அவள் மறுபடியும் நண்டைக் கழுவிக்கொண்டு நின்றாள். என்னால் முடியவில்லை.

"வாசுகி, எனக்கு உம்மில சரியான பொறாமை. அந்தக் கடையில இருந்து சாப்பிடத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தனான்."

அவள் கையில் நண்டோடு திரும்பினாள். "அண்ணி! உங்களுக்கு வெளிச்சாப்பாடு வயித்துக்கு ஒத்துக்கொள்ளாது எண்டெல்லோ அண்ணை சொன்னவர்? அதாலதான் பிறந்தநாளுக்கும் கூப்பிடேல்லை. மூண்டு நாளா உங்களுக்காகத்தான் அடுப்படியில நிக்கிறன்!"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தொலைபேசியில் இருந்து தலையை எடுக்காமலே, "நண்டு நல்லாத்தானே கிடக்கு" என்றார். வெளிச்சாப்பாடு பிடிக்காதது அவருக்கு. அதைத் தங்கையிடம் சொல்ல வெட்கப்பட்டு என் வயிற்றின் மேல் பழியைப் போட்டிருக்கிறார்.

அவரை நண்டோடு விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பெண்களும் போனோம். ஃபிளாம்குஹன் பன்னிரண்டு யூரோ. ஓரம் கருகி, நடுவில் வெங்காயம் இனித்தது. ஒன்றை முடித்து இன்னொன்றும் எடுத்தேன். வாசுகி பரிமாறுபவரோடு பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அதைப் பார்க்கவும் பொறாமையாக இருந்தது, ஆனால் வாய் நிறைய ரொட்டி இருந்ததால் சமாளித்தேன்.

போகிறவர்களுக்கு: ஸ்டிக்கரை முன்கூட்டியே இணையத்தில் எடுங்கள், அல்லது கேலில் காரை விடுங்கள். மணிக்கூட்டுக் காட்சிக்கு நேரத்தோடு வரிசையில் நில்லுங்கள், அது ஞாயிறில் இல்லை. ஆற்றங்கரை மேசை வேண்டுமென்றால் பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள். முக்கியமாக, சொந்தக்காரர் இருக்கும் ஊருக்குப் போகும் பெண்களே, உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளும், எது பிடிக்கும் என்பதை நீங்களே தொலைபேசி எடுத்துச் சொல்லுங்கள்.

வீடு திரும்பியதும் நான் பாரிசில் இருக்கும் மற்ற மச்சாளுக்கு, கணவரின் இன்னொரு தங்கைக்கு, தொலைபேசி எடுத்தேன். அங்கேயும் விருந்துகள் நடக்கின்றன, அங்கேயும் என்னை ஒருவரும் கூப்பிடுவதில்லை. என்ன காரணம் என்று நேரே கேட்டேன்.

"அண்ணி, நீங்கள் வெள்ளி, சனி ரெண்டு நாளும் விரதம் எண்டெல்லோ அண்ணை சொன்னவர்?" என்றாள்.