இன்ஷிராஹின் பதினோரு அச்சுகள்

எகிப்தின் மன்சூராவில் செருப்பு அச்சைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமென்றால் இன்ஷிராஹிடம் போகச் சொல்வார்கள். தன் பிளாஸ்டிக் செருப்புகளுக்கான பதினோரு இரும்பு அச்சுகளையும் பக்கத்தில் நின்று கடையவைத்து வாங்கியவள். அவற்றை ஒரு வருட ஒப்பந்தத்தில் ஜோர்டானில் அம்மான் நகரத்துச் செருப்புப் பட்டறைக்காரன் முன்திருக்குக் கொடுத்தனுப்பினாள். வருடம் முடிந்தது. அச்சுகள் வரவில்லை. அச்சு இல்லாத பட்டறையில் என்ன செய்வது? பூட்டு போட்டாள்.

ஒப்பந்தப்படி கெய்ரோவில் மூன்று நடுவர்கள் விசாரித்து, அச்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு எழுதினார்கள். முன்திர் அசையவில்லை. அந்தத் தீர்ப்பை அவன் ஊரில் நிறைவேற்றித் தரும்படி அம்மான் நீதிமன்றத்துக்குப் போனாள் இன்ஷிராஹ்.

அங்கே அவன் சொன்னதைக் கேட்டால் வயிறு எரியும். அச்சுகள் எல்லை தாண்டியபோது சுங்கத் தாளில் 'பழைய இரும்பு' என்று பொய் எழுதியிருந்ததாம். ஆகவே ஒப்பந்தமே சட்டவிரோதமாம். அதை நிறைவேற்றினால் ஜோர்டானின் பொது ஒழுங்கே கெட்டுவிடுமாம். நாட்டின் மேல் அவனுக்குத் திடீரென்று என்ன பாசம்!

தாளில் இருந்தது அவள் கையெழுத்துதான். எழுதியது அவன். "அக்கா, வெறுந்தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று அச்சுகளை அனுப்பும்போது கேட்டிருந்தான். அக்கா என்று அழைப்பவனிடம் என்ன எழுதப் போகிறாய் என்று கேட்டால், திருடன் என்று முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகிவிடும். அவள் கேட்கவில்லை. மரியாதை பார்த்த பாவி.

நீதிபதி முன்திரின் வக்கீலைப் பார்த்தார். "இந்தப் பழைய இரும்புக் கதைய கெய்ரோவுல சொன்னீங்களா?"

"சொன்னோம் ஐயா."

"அவங்க என்ன முடிவு பண்ணாங்க?"

"எழுதினது எங்க கட்சிக்காரர்தான்னு..."

"அப்புறம்? உங்க ஆள் எழுதின பொய்யக் காட்டி உங்க ஆளே தப்பிக்கணும், நான் அதுக்கு முத்திரை குத்தணுமா? அங்க முடிஞ்ச வழக்க இங்க திருப்பி நடத்த நான் உக்காரல. அந்தப் பொய்க்குச் சுங்கத்துக்காரங்க அவர வந்து கேக்கட்டும். உடையவங்ககிட்ட அச்சக் குடுத்தா நாட்டுக்கு என்ன கெட்டுப் போவுது?"

மேல்முறையீட்டிலும் முன்திர் தோற்றான். தீர்ப்பை நிறைவேற்ற வந்த நீதிமன்ற அமீனாவோடு இன்ஷிராஹ் அவன் பட்டறைக்குள் நுழைந்தபோது இயந்திரங்கள் சிவப்புச் செருப்புகளைத் துப்பிக்கொண்டிருந்தன. அச்சுகளில் இருந்த அவள் பெயரை ராவி எடுத்துவிட்டுத் தன் பெயரைச் செதுக்கியிருந்தான்.

"அக்கா, பெருநாளுக்கு எட்டே நாள். இந்த ஆர்டர் மட்டும் முடியட்டும். இத்தன பேரு பொழப்பு இருக்கு."

"என் ஆளுங்களுக்கு நாலு பெருநாள் போச்சுடா! அப்ப எங்கடா போச்சு உன் எரக்கம்? அமீனா ஐயா, மிஷின நிறுத்தச் சொல்லுங்க."

சத்தம் அடங்கியது. பசைக் கையைத் துடைத்தபடி ஒரு பெண் முன்வந்து, முதலாளியை விட்டுவிட்டு இன்ஷிராஹிடம் கேட்டாள்: "நாளைக்கு நாங்க வரணுமா, வேண்டாமாம்மா?"

முன்திர் சிவப்புச் செருப்புகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தான். ஜெயித்த இடத்திலும் இந்தக் கேள்விக்குத் தன்னையே பதில் சொல்ல வைத்துவிட்டானே என்று இன்ஷிராஹுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு, சூடு ஆறாத முதல் அச்சைச் சாக்கில் சுற்றி, அதன் ஒரு முனையைத் தானே பிடித்துத் தூக்கினாள்.