விரல் தின்னும் கதவுகள்

விபத்து கேஸ் நடத்தும் சக வக்கீல்களே, நம் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை ஒன்று உண்டு: ஆம்பூர்ப் பக்கத்து வீட்டுக் கதவுகளைப் போல விரல் தின்னும் கதவுகள் உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

தலையாட்டல்

ஷகிலா என் சத்துவாச்சாரி ஆபீசுக்கு வந்தபோது வலது கட்டைவிரல் பாதிதான் இருந்தது. ஆம்பூரில் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டும் சின்ன யூனிட்டில் வேலை. ஈஎஸ்ஐ காப்பீடு எல்லாம் கிடையாது. பிரஸ் மெஷினில் விரல் சிக்கியதும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் மேஸ்திரி பாஷா. டாக்டரிடம் "வீட்டுக் கதவுல நசுங்கிச்சு" என்று சொன்னவரும் அவர்தான். இவளும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறாள்!

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஏம்மா, வாயைத் திறந்து உண்மையைச் சொன்னா இன்னா?" என்று கத்திவிட்டேன்.

"விரல் போய்டுச்சு மேடம், வேலையும் போகணுமா?"

நூறு வருஷக் கதை

"அவசரத்துல நான்தான் கைய உட்டுட்டேன், தப்பு என்னுது" என்று அழுதாள். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துப் பழைய கதையைச் சொன்னேன். ஒரு காலத்தில் முதலாளியின் தப்பை அடிபட்டவர்தான் நிரூபிக்க வேண்டும். பக்கத்தில் நின்ற தொழிலாளியின் தப்பு என்றால் முதலாளி கையைக் கழுவிக்கொள்ளலாம். வெள்ளைக்காரன் காலத்தில், நூறு வருஷத்துக்கு முன்பே, ஒரு சட்டம் வந்து அதை மாற்றிவிட்டது. வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு உண்டு, கொஞ்சம் கவனக்குறைவாக இருந்திருந்தாலும் உண்டு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நூறு வருஷமா ஒருத்தரும் இத எங்க மேஸ்திரி கைல சொல்லலியா மேடம்?"

சாட்சி

தொழிலாளர் துறை விசாரணைக்கு முதலாளி தரப்புச் சாட்சியாக வந்தார் அதே பாஷா. கதவுக் கதையைக் கிழித்துத் தொங்கவிடக் கேள்விகளோடு காத்திருந்தேன். "விரல் எங்க நசுங்கிச்சு?" என்றார் அதிகாரி. பாஷா முதலாளியைப் பார்த்தார். ஷகிலாவின் கையைப் பார்த்தார். "பிரஸ்லதான் சார். ஆஸ்பத்திரில பொய் சொன்னது நான்."

என் கேள்விகள் அத்தனையும் வீண். வெளியே வந்ததும் ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு எடத்துல இப்ப நான்தான் பிரஸ் ஓட்றேன் மேடம். நாளைக்கு என் கை போச்சுன்னா யாரு வந்து சொல்லுவாங்க?"

தீர்ப்பு

ஜெயித்துவிட்டோம். உத்தரவை வரிவரியாகப் பெருமையோடு படித்துக் காட்டினேன். ஷகிலா கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் சரி மேடம், திங்கக்கெழம என்னைய வேலைக்குச் சேத்துப்பாங்களா?"

நூறு வயதைத் தாண்டிய அந்தச் சட்டத்தில் இதற்கு ஒரு பிரிவு இருக்கிறதா என்று நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களில் யாருக்காவது கிடைத்தால் ஒரு போன் போடுங்கள்.