சோபா வந்த நாளும் போன நாளும்

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்றுக்கு வெளியாள் வருகிறார் என்றால், அது அந்த வீட்டுக்காரர்களின் கவலை மட்டும் அல்ல. பெண் பார்க்க வந்தாலும் சரி, சடங்குக்கு வந்தாலும் சரி, கணக்கப்பிள்ளை வீட்டு சோபா முதலில் கிளம்பும். கடைக்கார மாமா வீட்டுக் கண்ணாடிக் கிளாஸ்கள் அதன் பின்னால் வரும். பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த அத்தையின் டீவி, பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு மணப்பெண் மாதிரி கடைசியாக வந்து சேரும். விருந்தாளி போனதும் எல்லாம் அதனதன் வீட்டுக்குத் திரும்பிவிடும். மானம் எங்களுக்குப் பொதுச்சொத்தாக இருந்தது.

அந்த வருடம் அம்மா, பிள்ளைகள் உள்ள குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் அரசாங்க நிவாரணத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். அம்மா கொழுந்து பறித்தாள், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். இரண்டு பேரும் ஒரு நாள் விடாமல் வேலைக்குப் போயும், தம்பிக்குப் பால்மா வாங்கினால் அக்காவுக்கு பஸ் காசு இருக்காது. நிவாரணம் கிடைத்தால் அக்கா ஹட்டன் டவுன் பள்ளியில் தொடர்ந்து படிப்பாள். கிடைக்காவிட்டால் கொழும்பில் ஒரு பங்களாவுக்குப் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போவாள். இதை அப்பா வெளிப்படையாகவே சொன்னார். எனக்கு அதில் கொழும்பு என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. கொழும்பில் கடல் இருந்தது. அக்கா மட்டும் ரயிலேறிக் கடல் பார்க்கப் போகிறாள் என்று நான் தரையில் புரண்டு அழுதேன்.

வீடு பார்க்க ஹட்டன் அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒரு சிங்கள மாத்தயா வந்தார். எங்கள் லயத்தில் விண்ணப்பித்த வீடுகளையெல்லாம் ஒரே நாளில் பார்ப்பதாக ஏற்பாடு. வருகிறவர் பெரிய உத்தியோகத்தர் அல்லவா? சோபா வந்தது, கிளாஸ் வந்தது, டீவியும் வந்தது. உதவி கேட்கிற வீட்டில் சோபா எதற்கு என்று லயம் முழுவதிலும் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாத்தயா நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, சுற்றிலும் பார்த்து எழுதிக்கொண்டு போனார். எங்கள் வீடு அவ்வளவு அழகாக இருந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அத்தையும் விண்ணப்பித்திருந்தாள்; அன்றைக்கு டீவி இல்லாமல் இருந்த அவள் வீட்டுக்கு நிவாரணம் கிடைத்தது. எங்களுக்கு இல்லை, நாங்கள் வசதியான குடும்பமாம். "வசதியான அம்மா, கொஞ்சம் சோறு போடுங்க" என்று அப்பா சில நாள் கிண்டல் செய்தார். பிறகு கிண்டலை நிறுத்திவிட்டு அக்காவுக்கு ஒரு பயணப்பை வாங்கி வந்தார். அது கட்டிலுக்கடியில் இருந்தது. நான் அடிக்கடி குனிந்து அதைப் பொறாமையோடு பார்த்துக்கொள்வேன்.

அம்மா மேன்முறையீடு செய்தாள். அதே மாத்தயா திரும்ப வருவதாகத் தகவல் வந்தது. இந்தத் தடவை பானை சட்டியைக்கூட ஒளித்து வைக்கச் சொல்லி அத்தை யோசனை சொன்னாள்.

"வெறும் வீட்டக் காட்டுனா, ஒளிச்சு வச்சிட்டோம்னுதான் அந்தாளு நெனைப்பாரு," என்றாள் அம்மா. "நீங்க எல்லாத்தையும் திரும்பக் கொண்டாங்க மதினி."

அன்றைக்கு அம்மா வேலைக்குப் போகவில்லை. சோபா பழைய இடத்திலேயே போடப்பட்டது. மாத்தயா அதில் உட்கார்ந்து கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு, தமக்குத் தெரிந்த தமிழில் வருத்தப்பட்டார்.

"அதே சோபா. அதே டீவி. நான் என்ன செய்ய அம்மா?"

"கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க மாத்தயா," என்ற அம்மா வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அவங்கவங்க சாமான எடுத்துக்கிட்டுப் போங்க."

கணக்கப்பிள்ளை வீட்டு அண்ணன்மார் வந்து சோபாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைக்கார மாமி கிளாஸ்களைப் பொறுக்கினாள். மாத்தயாவின் கையில் இருந்ததையும் அம்மா பணிவாக வாங்கி, தேத்தண்ணியை எங்கள் தகரக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கிளாஸை மாமியிடம் நீட்டினாள். டீவி மட்டும் மிஞ்சியது. அதை எடுக்க யாரும் வரவில்லை.

அம்மா அத்தையின் பெயரைச் சொல்லவில்லை. டீவி தன்னுடையது என்று அத்தை ஒப்புக்கொண்டால் அவளுக்குக் கிடைத்த நிவாரணம் போனாலும் போகும். மாத்தயா டீவியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போது அத்தை தலைத்துணியை அவிழ்த்து உதறிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"இது என்னோடதுங்க மாத்தயா. இடி விழுந்ததுலயிருந்து ஓடல. எழுதணும்னா எழுதிக்கிருங்க."

பிள்ளையைத் தூக்குவது போல டீவியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வெளியேறினாள். இப்போது வீட்டில் ஒரு கட்டில், அடுப்பு, நாங்கள், தகரக் கோப்பையோடு மாத்தயா.

"பின்ன ஏம்மா இதெல்லாம்?"

"வீட்டுக்கு வந்த மனுசன தரையிலயா உக்கார வைக்கிறது?"

மாத்தயா, அம்மா காய் நறுக்க உட்காரும் பலகையை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்து, மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். எல்லாவற்றையும் புதிதாக எழுதினார். போகும்போது அத்தையின் வாசலில் நின்று, "ஓடாத டீவி டீவி இல்ல" என்றார். அன்று மாலை லயமே எங்கள் வாசலில் கூடிச் சிரித்தது. தோட்டத்துத் துரையையே வென்றுவிட்டவள் மாதிரி அம்மா நடுவில் நின்றாள்.

மழைக்காலம் முடியுமுன் நிவாரணம் வந்தது. ஹட்டன் வங்கியில் கணக்குத் திறந்துவிட்டு, கோயிலுக்குக் கட்டும் சேலையில், கை நிறைய மீன் அடைத்த மாலுபாணோடு அம்மா வந்திறங்கினாள். அக்கா கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்து, மடித்து வைத்த உடுப்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். எடுக்க எடுக்க அவள் அழுதாள்.

எனக்கு அவள் மேலிருந்த கோபமெல்லாம் போய்விட்டது. பாவம், ஆசையாக இருந்தவள். என் மாலுபாணில் பாதியைப் பிய்த்து அவள் கையில் வைத்தேன்.

"அழாதக்கா. கடல் எங்கயும் போயிராது. நான் பெரியவளானதும் கூட்டிக்கிட்டுப் போறேன்."

அக்கா என்னை இறுகக் கட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுதாள். கடல் மீது ஒருத்திக்கு இவ்வளவு ஆசையா என்று நான் ஆச்சரியப்பட்டேன்.