என் பெட்டியைத் தூக்கிய ரதி

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கதை விட்டுப்போகும். பேய், முனி, சாமி வந்தது என்று லயத்து வீடுகளில் யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். எங்கள் அப்பா காமன் கூத்து மாஸ்டர். அதனால் சின்ன வயதிலிருந்தே ரதி, மன்மதன் என்றால் எனக்கு எங்கள் வீட்டில் உட்கார்ந்து முகத்துக்குப் பவுடர் பூசிக்கொள்கிற ஆம்பிளைகள்தான். ரதி பீடி குடிப்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு எங்கே பக்தி வரும்?

இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். மாசி மாதம் கம்பம் ஊன்றிக் கூத்து நடக்கும். காமனுக்கும் ரதிக்கும் கல்யாணம் ஆகும், சிவன் காமனை எரிப்பார், ரதி அழுவாள், பிறகு காமன் எழுந்து வருவான். ரதி வேஷமும் ஆம்பிளைதான் கட்ட வேண்டும். கையில் மஞ்சள் காப்புக் கட்டியவர்கள் எல்லாம் முடிகிற வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது, தாண்டினால் தோட்டத்துக்கே ஆகாது என்பார்கள். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் ரதி வேஷம் செல்வத்துக்கு. தேயிலை பெக்டரியில் வேலை, நல்ல குரல், என் மேல் உயிர். எல்லாம் இருந்தது, அப்பாவிடம் வந்து பெண் கேட்கிற தைரியம் மட்டும் இல்லை. தீபாவளி முடியட்டும் என்றான், பொங்கல் முடியட்டும் என்றான், கடைசியில் கூத்து முடியட்டும் என்றான். எனக்குக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்திருந்தது. காப்புக் கட்டுவதற்கு முன்னால் வந்து கேள், இல்லாவிட்டால் போய்விடுவேன், போனால் திரும்பி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவன் வாயே திறக்காமல் போய்க் காப்பைக் கட்டிக்கொண்டான்.

பிடிவாதத்தில் நான் அப்பாவுக்குத் தப்பாத மகள். கூத்து ராத்திரி முழுக்க நடக்கும், தோட்டமே அங்கேதான் இருக்கும். விடியப்போகிற நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல், பாலத்தைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்து ஹட்டன் போகிற முதல் பஸ்ஸுக்காக நின்றேன். அந்தப் பாலம்தான் தோட்டத்து எல்லை. மேலே தப்பு மேளச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, பனி என்றால் அப்படி ஒரு பனி, நீட்டிய கை தெரியவில்லை.

அப்போது பாலத்துப் பக்கமிருந்து ரதி வந்தாள். சேலை, தலையில் கிரீடம், கை நிறைய வளையல், மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, பேய் என்று நினைத்து இல்லை, காப்புக் கட்டிய கையோடு செல்வம் எல்லையைத் தாண்டிவிட்டானே என்றுதான். பெண் கேட்கவே பயந்தவன் எனக்காக இதைச் செய்துவிட்டான். நம்பினால் நம்புங்கள், நின்ற இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அழுகை வந்தால் என் வாய் சும்மா இருக்காது. "ஒனக்கு அறிவு இருக்கா? அப்பா பாத்தா தோல உரிச்சிருவாரு. அட்டக் கிரீடம் பனியில ஊறிப் போகும், முந்தானைய போட்டு மூடு" என்று பிடித்துக்கொண்டேன். பதிலுக்குச் சிரிப்பு மட்டும் வந்தது. பஸ் வந்து நின்றது, கண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினார், நான் ஏறவில்லை. அது போய்விட்டது.

பிறகுதான் அவள் வாய் திறந்தாள். "பொட்டிய குடு. நீ கைய வீசிக்கிட்டு வா."

குரல் கரகரவென்று இருந்தது, ராத்திரி முழுக்கப் பாடிய தொண்டை என்று நினைத்துக்கொண்டேன். அவள் பெட்டியோடு தேயிலைக்குள் குறுக்கு வழியில் முன்னால் நடக்க, நான் வளையல் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினேன். வழி நெடுக வசவுதான். பயந்தாங்கொள்ளி, என் அப்பா வந்து உன் காலில் விழுந்து மாப்பிள்ளை கேட்க வேண்டுமா என்றெல்லாம் கேட்டேன். முதுகில் செல்லமாக ஓர் அடிகூட வைத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் யாரையும் திட்டியதில்லை.

கூத்துத் திடலுக்குப் பக்கத்தில் வளையல் சத்தம் நின்றுவிட்டது. எங்கேயடா போனான் என்று எட்டிப் பார்த்தால், கூட்டத்துக்கு நடுவில் செல்வம் மண்ணில் விழுந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கிறான். கிரீடம் பனியில் ஊறி ஒரு பக்கமாகத் தொங்குகிறது. என்னோடு வந்த கிரீடத்தில் ஈரமே இல்லை, அது அப்போதுதான் உறைத்தது. பக்கத்து லயத்து அக்காவிடம், இவன் எப்போது திரும்பி வந்தான் என்று கேட்டேன். "எங்க போனான் திரும்பி வர? காமன் எரிஞ்சதுலேருந்து இங்கதான் கெடக்கான். இந்த வருஷம் நெசமாவே அழுவுறாண்டி" என்றாள்.

நான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அவன் என்னைப் பார்த்துவிட்டான், பார்த்தவன் ஒப்பாரியைப் பாதியில் விட்டுவிட்டு முகமெல்லாம் பல்லாகச் சிரித்தான். தப்பு நின்றது. அப்பா எழுந்துவிட்டார்.

"காமன் எரிஞ்சு கெடக்கான், ரதிக்கு என்னடா சிரிப்பு?"

செல்வம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்து நின்றான். "மாஸ்டர், வசந்தாவ எனக்குக் கட்டிக் குடுங்க."

அப்பா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியூர் போகும்போது மட்டும் நான் போடுகிற செருப்பு காலில் இருந்ததைப் பார்த்தார், அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "மொதல்ல அழுது முடிடா. மத்தத காமன் எந்திரிச்ச பொறகு பேசுவோம்" என்றார். அதற்குப் பிறகு அவனுக்கு எங்கே அழுகை வரும்? சிரித்துக்கொண்டே ஒப்பாரி வைத்த ரதியை எங்கள் தோட்டம் அந்த வருஷம்தான் பார்த்தது. காமன் எழுந்த அன்றைக்கே அப்பா வெற்றிலை மாற்றச் சொல்லிவிட்டார்.

என் பெட்டி கம்பத்தடியில் இருந்தது, வேலி கட்டிய இடத்துக்குள், காப்புக் கட்டியவர்களைத் தவிர யாரும் போகாத இடம். யார் வைத்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதன் கைப்பிடியில் ஒரு மஞ்சள் காப்புக் கட்டியிருந்தது. செல்வத்தின் காப்பு அவன் கையிலேயே இருந்தது. நான் எல்லையைத் தாண்டவே இல்லை என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். அதான் தெரியுதே, வேற ஆளு வந்து கூட்டிக்கிட்டு வர வேண்டியதாப் போச்சு என்பேன் நான்.

பெட்டி இப்போது எங்கள் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. அந்தக் காப்பை அவிழ்க்க இருவருக்கும் துணிச்சல் இல்லை. மாசி மாதத்தில் தூசி தட்டும்போது தொட்டுப் பார்ப்பேன். நூல் இற்றுப் போயிருக்க வேண்டும் இல்லையா? இந்த வருஷமும் ஈரமாகத்தான் இருந்தது, இப்போதுதான் கட்டியது மாதிரி விரலில் மஞ்சள் ஒட்டியது. பயமாக இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஆனாலும் அந்த மஞ்சளைக் கழுவிவிட மனசு வரவில்லை, தாலியில் பூசிக்கொண்டேன்.