ஐம்பது தோட்டாக்களும் என் ஒரு சந்தேகமும்

என் சகலையை நினைத்தால் முதலில் கண்ணுக்குள் வருவது, மூக்கில் ஓட்டையோடு சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு ரியல் எஸ்டேட் அங்கிளின் முகம். இந்தியக் கடை வாசலில் இலவசமாக அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த வாரப் பத்திரிகையில் முழுப் பக்கத்துக்குக் கோட் போட்டுக்கொண்டு நிற்பவர். சகலை அந்தப் பத்திரிகைகளை மாதக்கணக்கில் சேர்ப்பார். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் ஊறப் போடுவார். பொதபொதவென்று ஆனதும் கட்டாகக் கட்டி, துப்பாக்கி சுடும் திடலுக்குக் கொண்டுபோய், தன் ரிவால்வரால் சுடுவார். மான் உடம்புக்குள் ஒரு குண்டு எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு ஊறிய காகிதம் ஓரளவு பதில் சொல்லுமாம். முன் பக்கம் குழி வைத்த குண்டு சில அங்கிள்களைத் தாண்டுவதற்குள் பூவாக விரிந்து சிதறிவிட்டது. செம்புச் சட்டை போட்ட குண்டு பாதி வழியில் நின்றது. மூக்குத் தட்டையான ஈயக் குண்டு மட்டும் எல்லா அங்கிள்களின் மூக்கிலும் ஒரே அளவு ஓட்டை போட்டுவிட்டு மறுபக்கம் போய்விட்டது. 'இதுதானுங்க' என்றார் சகலை. மாப்பிள்ளை முடிவான வீட்டில் இருக்கும் நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

அவர் என் மனைவியின் தங்கை கணவர். உறவுமுறையில் நான் மூத்தவன், வயதில் அவர் எட்டு மாதம் மூத்தவர். யார் யாருக்கு மரியாதை தருவது என்று கடைசிவரை முடிவாகாததால் இருவரும் ஒருவரையொருவர் 'வாங்க, போங்க' என்றே காலம் தள்ளினோம். கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். மாத்திரையை எண்ணி, திரும்ப எண்ணி, பிறகு இன்னொருவரை எண்ணச் சொல்கிற ஜாதி. நானோ சாஃப்ட்வேர் டெஸ்டர். எது எதெல்லாம் கெட்டுப் போகலாம் என்று யோசித்து, கெடுவதற்கு முன்பே பதறுவதற்குச் சம்பளம் வாங்கியவன். நியூ ஜெர்சியில், பார்சிப்பனியில் இருந்த அலுவலகம் ஒரு நாள் காலை பத்து மணி மீட்டிங்கில் எங்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. க்ரீன் கார்டு கையில் இருந்தது ஒன்றுதான் ஆறுதல். டெக்சாஸில் வேலை கிடைக்கலாம் என்று மனைவியையும் பிள்ளைகளையும் நியூ ஜெர்சியிலேயே விட்டுவிட்டு, ஒரு பெட்டியோடு சகலை வீட்டு கெஸ்ட் ரூமில் வந்து விழுந்தேன். விழுந்தவன் ஜோக் அடித்துக்கொண்டே இருந்தேன். வாயை மூடினால் யாராவது 'வேலை என்னாச்சு' என்று கேட்டுவிடுவார்களே.

சகலை கேட்கவில்லை. ஒரு நாள் மாலை, 'சகல, சும்மாதான இருக்கீங்க, கராஜுக்கு வாங்க' என்றார். வேட்டைக்கான தோட்டாக்களை அவர் கடையில் வாங்குவதில்லை, தானே செய்துகொள்வார். தோட்டா வேறு, குண்டு வேறு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்கு அழுத்தி, அடியில் பொறி கிளப்பும் புது பிரைமரைப் பொருத்தி, அளந்த வெடிமருந்தைக் கொட்டி, மேலே குண்டைச் சொருகி இறுக்கினால்தான் அது முழுத் தோட்டா. ஐம்பது குழி உள்ள ஒரு மரப்பலகையில் கூடுகளை நிறுத்தி வைத்திருப்பார். எல்லாவற்றிலும் மருந்து கொட்டியதும் ஒருவர் டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்து, 'அம்பதும் இருக்கு' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் இன்னொருவர் குண்டு சொருகுவார். அவருடைய கராஜில் அதுதான் சட்டம். மருந்து கொட்டுவதையும் டார்ச் அடிப்பதையும் என்னிடம் கொடுத்தார். மூன்று மாதத்தில் ஒரு மனிதர் என்னை நம்பிக் கொடுத்த முதல் வேலை. மார்பு கொஞ்சம் விரிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மான் வேட்டை சீசன் திறக்கிற வாரம். வியாழக்கிழமை சாயங்காலம் பலகையில் பாதிக் கூடுகளுக்கு மருந்து கொட்டியிருப்பேன், வேலை விஷயமாக ஒரு ரெக்ரூட்டர் கூப்பிட்டார். டிரைவ்வேயில் நடந்துகொண்டே பேசினேன். உங்களுடைய பலவீனம் என்ன என்று கேட்டார். 'எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பேன்' என்று பெருமையாகச் சொன்னேன். திரும்பி வந்து மிச்சத்தை முடித்தேன். சகலை குண்டுகளோடு வந்து, 'ஆச்சுங்களா?' என்றார். 'அம்பதும் இருக்கு' என்றேன்.

மறுநாள் மதியம் கிளம்பினோம். நாலு மணி நேர டிரைவ். ஒரு மாட்டுப் பண்ணையில் வேட்டைக்கென்று அவர் வருடாவருடம் இடம் எடுத்திருந்தார். மடியில் எலுமிச்சம்பழச் சாத டப்பா, பின்சீட்டில் பூட்டிய பெட்டியில் ரிவால்வரும் தோட்டாக்களும். ஃப்ரீவேயில் ஒன்றரை மணி நேரம் போயிருப்போம். அப்பளத்தைக் கடித்த நிமிஷம் எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. நேற்று நான் டார்ச் அடித்தேனா?

போன் பேசியது ஞாபகம் இருக்கிறது. திரும்பி வந்தது ஞாபகம் இருக்கிறது. 'அம்பதும் இருக்கு' என்று சொன்ன குரல்கூடக் காதில் இருக்கிறது. நடுவில் டார்ச் இல்லை. எந்தக் கூட்டில் நிறுத்திவிட்டுப் போனை எடுத்தேன், எந்தக் கூட்டில் திரும்பத் தொடங்கினேன் என்பதும் இல்லை. அப்பளம் வாயில் ஊறிக் களியாகிவிட்டது.

'சகல, சும்மா ஒரு ஜெனரல் நாலெட்ஜுக்குக் கேக்கறேன். ஒரு தோட்டாவுல மருந்தே போடாம விட்டுட்டா என்னங்க ஆகும்? புஸ்ஸுன்னு போயிடுமா?'

'புஸ்ஸுன்னுதான் போகும். அதுதானுங்க ஆபத்தே. பிரைமர் மட்டும் வெடிச்சு, குண்டு பேரல்ல பாதி வழியில போய்ச் சிக்கிக்கும். முன்னால மான் நிக்குது, அவசரத்துல அடுத்ததையும் சுட்டுட்டோம்னு வைங்க, பின்னால வர்ற குண்டுக்கு வழியில்ல. துப்பாக்கி கையிலயே வெடிக்கும்.'

'கையிலயேன்னா... கையிலயேவா?'

'கைல, மூஞ்சில, பக்கத்துல உக்காந்திருக்கறவங்க மேல. ஏனுங்க?'

பக்கத்தில் உட்காரப் போகிறவன் நான் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை என்று எழுதினால் தியாகி ஆகிவிடுவேன். அதுதான் முதலில் உறைத்தது. அடுத்து அவர் கை. மாத்திரை எண்ணுகிற கை. அதற்கும் அடுத்து, நான் இதைச் சொல்லிவிட்டால் இனி அந்தக் கராஜில் எனக்குக் கூட்டிப் பெருக்குகிற வேலைகூடக் கிடைக்காது என்பது. அடுத்த இருபது மைல் ஏசி காற்றில் வியர்த்தேன். இரண்டு ஜோக் சொன்னேன். இரண்டும் என் காதிலேயே விழவில்லை.

'சகல, வண்டிய ஓரங்கட்டுங்க.'

'பாத்ரூமுங்களா?'

'இல்ல. நேத்து நான் டார்ச் அடிச்சேனான்னு எனக்குத் தெரியல.'

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இண்டிகேட்டரைப் போட்டார். அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, பாலத்துக்கு அடியில் வளைத்து, வந்த வழியே ஹூஸ்டன் பக்கம் வண்டியைத் திருப்பினார். கடையில் ஒரு டப்பா தோட்டா வாங்கிக்கொள்ளலாமே என்று ஈனக்குரலில் கேட்டேன். 'அந்தக் குண்டு எங்க போய் விழும்னு எனக்குத் தெரியாதுங்க. நான் மாசக்கணக்கா இந்தக் குண்டுலதான் சுட்டுப் பழகியிருக்கேன். அடி தப்பிக் காலுல பட்டு ஓடுச்சுன்னா, அந்த மானுக்கு யார் பதில் சொல்றது?' தராசில் நிறுத்துப் பார்க்கலாமே என்றேன். 'நிறுத்தா சந்தேகம் கொறையும். தீராது' என்றார்.

கதவைத் திறந்த என் கொழுந்தியா எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்து, 'என்ன, மானுக்கு இன்னிக்கு லீவா?' என்றாள். அடுத்த பத்தாவது நிமிஷம் பார்சிப்பனியிலிருந்து என் மனைவி போன். 'அங்க போயும் டெஸ்டிங்கா?'

சனிக்கிழமை காலை. டெக்சாஸில் மான் வேட்டைக்காரன் எவனும் வீட்டில் இருக்காத காலை. நாங்கள் இருவரும் கராஜ் சிமென்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, செய்த தோட்டாக்களைக் கழற்றிக்கொண்டிருந்தோம். அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் உண்டு. அதன் தலைக்குள் தோட்டாவை மாட்டி, தரையில் ஓங்கி நாலைந்து போடு போட்டால், குண்டும் மருந்தும் கழன்று உள்ளேயே விழும். திறந்து பார்க்க வேண்டும். கையில் வாங்கிய முதல் தோட்டாவை நான் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். 'இதுல பிரைமர்ல எதுவும் படாதுங்க, கண்ணத் தொறந்து அடிங்க, வெரல் போயிரும்' என்றார். ஒன்று, மருந்து இருந்தது. இரண்டு, இருந்தது. எதிர்வீட்டுக்காரர் நாயோடு நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்.

முதல் இருபது வரை, எதுவும் காலியாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். முப்பதில் கொஞ்சம் தடுமாறினேன். நாற்பதைத் தாண்டியதும் என் வேண்டுதல் வெட்கமில்லாமல் கட்சி மாறியது. முருகா, ஒன்றே ஒன்று காலியாக இருக்கட்டும். ஒரு மனிதரின் சீசன் முதல் நாளைக் கெடுத்ததற்கு ஒரு நியாயம் கிடைக்கட்டும். நாற்பத்தொன்பதிலும் மருந்து இருந்தது. ஐம்பதாவதை அவரே அடித்தார். திறந்து, உள்ளங்கையில் சாய்த்தார். கறுப்பு மணிகள் கச்சிதமாக விழுந்தன.

'எல்லாத்துலயும் இருக்கு' என்றேன். சாகிறவன் குரலில்.

'இருக்குதுங்க.'

'உங்க ஓப்பனிங் டேய நாசம் பண்ணிட்டேன், சகல.'

அவர் உள்ளங்கையைத் தட்டித் துடைத்துக்கொண்டார். 'எங்க பார்மசில தப்பு பண்றவங்ககிட்ட எனக்குப் பயமில்லீங்க. தப்பு கண்ணுக்குத் தெரியும், திருத்திக்கலாம். பாத்தனா இல்லையான்னு சந்தேகம் வந்தும் வாயத் தொறக்காம போறாம் பாருங்க, அவங்கிட்டத்தான் பயம். உங்கள நான் வேலைக்கு வச்சுக்குவனுங்க.'

வேலை போன பிறகு அன்றுதான் அழுதேன். ஈயத் தூசி கண்ணில் பட்டுவிட்டது என்றேன். கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது என்று அவர் சீரியஸாகத் திட்டினார்.

அந்த வருடம் அவர் வீட்டு ஃப்ரீசருக்கு மான் கறி வரவில்லை. அடுத்த வாரம் போனபோது ஒரு மான் எழுபது கெஜத்தில் நின்றது. ஐம்பதுக்கு மேல் ரிவால்வரால் சுடுவதில்லை என்பது அவருடைய இன்னொரு சட்டம். மான் எங்களை முறைத்துவிட்டுப் போனது. வீட்டில் ஆட்டுக்கறி வைக்கும்போதெல்லாம் கொழுந்தியா, 'இது கடை ஆடு, டெஸ்ட் பண்ணிட்டுச் சாப்பிடுங்க' என்று பரிமாறினாள்.

இப்போது நான் டெக்சாஸ்காரன். வேலை கிடைத்து, குடும்பமும் வந்து சேர்ந்து, அதே ஊரில் வீடு வாங்கியாகிவிட்டது. சகலைதான் மகள் படிப்புக்காகக் கலிபோர்னியாவில் டப்ளினுக்குப் போய்விட்டார். அங்கே வேட்டைக்கு ஈயக் குண்டு ஆகாதாம், சட்டம். இந்த வயதில் முழுச் செம்புக் குண்டோடு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்.

போன வியாழக்கிழமை மத்தியானம் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். அவரிடமிருந்து வீடியோ கால். மேனேஜரிடம் குடும்ப அவசரம் என்று சொல்லிவிட்டு வெளியே ஓடி எடுத்தேன். திரையில் அவர் முகம் இல்லை. மரப்பலகை, ஐம்பது கூடுகள், அவற்றின் மேல் ஒரு கை வெளிச்சம் பிடித்துக்கொண்டிருந்தது. 'பாத்து முடிச்சிட்டனுங்க. இருந்தாலும் நீங்க ஒருக்காப் பாத்துச் சொல்லிப்போட்டா, குண்டு சொருகீருவேன்' என்றார்.

கார் பார்க்கிங் வெயிலில் கையைக் குடையாக வைத்து, வரிசை வரிசையாகப் பார்த்தேன். 'நாலாவது வரிசைல மூணாவது, கொஞ்சம் கிட்டக் காட்டுங்க, சகல.'

கிட்டக் காட்டினார்.

'இன்னொரு தடவ.'

பெருமூச்சுகூட விடாமல், இன்னொரு தடவை காட்டினார்.